ஐவரும் சென்றபின் அணி ஏது?

கூடைப்பந்து ஆடும் தோழியருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எவ்வளவு பெரிய கோப்பையை வென்று வந்த பள்ளி அணியானாலும், மேல்வகுப்பு மாணவியர் படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறும் நாளில் அது கலைந்துவிடும். தொழில்முறை அணிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் கிடைத்தால் பணம் கொடுத்துப் பத்தாண்டுகூட வைத்துக்கொள்ளலாம். பள்ளியும் கல்லூரியும் அப்படிச் செய்ய இயலாது. படிக்க வந்தவர் படித்து முடித்தால் போகத்தானே வேண்டும்!

ஆகவே, கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் திருவிழாப்போல் நடைபெறும் அமெரிக்க நாட்டில், ஒவ்வோர் ஆண்டும் ஆட்டப் பருவம் தொடங்கும் முன்பு எல்லாரும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். போனவர் யார், இருப்பவர் யார், புதிதாக வருபவர் யார் என்று பட்டியல் எழுதி, இந்த அணி இவ்வாண்டு எவ்வளவு தூரம் செல்லும் என்று முன்கூட்டியே கூறுகிறார்கள். பத்திரிகை எழுத்தாளர்கள் வாக்களித்து, முதல் இருபத்தைந்து அணிகளுக்கு வரிசை எண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அது எங்கே பொய்க்கிறது என்பதை 2023 ஆம் ஆண்டு சவுத் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு நேர்ந்ததை வைத்துப் பார்க்கலாம். அண்மைக் காலத்தில் இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு வேறில்லை என்றே சொல்வேன்.

முதலில் அந்நாட்டுச் சட்டதிட்டங்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம். 1972 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடம் எதிலும் பெண் என்ற காரணத்தால் எவரையும் ஒதுக்கக் கூடாது என்றது அச்சட்டம். விளையாட்டும் அதில் அடங்கியதால், பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை கிடைக்க வழி பிறந்தது. 2023 இல் நடைமுறையிலிருந்த விதிப்படி, முதல்தரப் பல்கலைக்கழகம் ஒன்று கூடைப்பந்தாட்டத்துக்கென்று 15 மாணவியருக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம். களத்தில் நிற்பதோ ஐவர்தான். ஆட்டம் 40 நிமிடம். ஆக, ஓர் ஆட்டத்துக்கு 200 நிமிடங்களைப் பயிற்சியாளர் தம் மாணவியருக்குள் பங்கிட வேண்டும். இந்த 200 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

ஒரு மாணவி நான்கு பருவங்கள் ஆடலாம். காயம் காரணமாக ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் உட்கார நேர்ந்தால் அந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. கொரோனா நோய் பரவியிருந்த 2020-21 பருவத்தையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு ஆடியவர்கள் விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் ஆடலாம் என்றாயிற்று. பெண்களின் தொழில்முறைச் சங்கம், 22 வயது நிறையும் ஆண்டு வரும்வரை, அல்லது பட்டப்படிப்பு முடியும்வரை, அமெரிக்க மாணவியரை எடுத்துக்கொள்வதில்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டுப் பணத்தை நோக்கிப் போய்விடுவோர் பலர். பெண்களோ ஒரே வகுப்பாகச் சேர்ந்து, நான்காண்டும் உடனிருந்து, ஒரே நாளில் வெளியேறுகிறார்கள். அணி வளர்வதும் இதனால்தான். ஒரேயடியாகச் சரிவதும் இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொரு கல்லூரிக்கு மாறும் கூடைப்பந்து ஆட்டக்காரர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டு அந்த விதி தளர்ந்தது. ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றார்கள். 2024 இல் அந்த வரம்பும் நீங்கியது. நம் ஊரில் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளியில் சேர்வது போலத்தான். ஆனால் அங்கே ஆண்டுதோறும் ஏராளமான ஆட்டக்காரர்கள் டி.சி. கேட்கிறார்கள்! எனவே ‘வருபவர்’ பட்டியலில் பள்ளி முடித்த புதுமுகங்களோடு, பிற கல்லூரிகளில் ஆடித் தேர்ந்தவர்களும் இடம் பெறுகிறார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

சவுத் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி அம்மையார். பிலடெல்பியா நகரத்தில் பிறந்தவர். 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் அமெரிக்க அணியில் ஆடித் தங்கப் பதக்கம் பெற்றவர். 2008 இல் இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் பருவத்தில் அவரது அணி வென்றது 10 ஆட்டம், தோற்றது 18. அங்கிருந்து படிப்படியாக ஏறி 2017 இல் நாட்டின் வெற்றிக் கோப்பையைப் பெற்றார்.

2019 ஆம் ஆண்டு அவரிடம் ஒரு புது வகுப்பு வந்து சேர்ந்தது. அலியா பாஸ்டன், ஜியா குக், பிரியா பீல், லெட்டீசியா அமிஹியர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். இவர்கள் படித்த நான்காண்டுகளில் அணி 129 ஆட்டங்களில் வென்று ஒன்பதில் மட்டுமே தோற்றது. 2022 இல் கோப்பையும் கிடைத்தது. நான்காம் ஆண்டான 2022-23 இல் தொடர்ந்து 36 ஆட்டங்களில் வெற்றி! இவர்களை வெல்ல ஆளில்லை என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் 2023 மார்ச் 31 அன்று டாலஸ் நகரத்தில் நடந்த அரையிறுதியில் ஐயோவா பல்கலைக்கழகம் 77-73 என்று வென்றது. ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் என்ற மாணவி தனியொருவராக 41 புள்ளிகள் எடுத்தார்.

அந்த ஆட்டத்தில் சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றார். அவரைத் தடுக்க வேண்டிய கிளார்க் அருகில் வரவே இல்லை. தூரத்தில் நின்றபடி, ‘நீ எறிந்தால் எறிந்துகொள்’ என்பது போலக் கையை வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டார். உன்னால் அங்கிருந்து போட முடியாது என்பதே அதன் பொருள். இந்தக் காட்சி நாடெங்கும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட அப்போது எண்ணியதாக ரேவன் பின்னர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அதற்கு முன்பே பட்டவர் அவர். 2021 இல் கல்லூரியில் முதல் பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தவர்.

ஏப்ரல் மாதம் வந்தது. கணக்கெழுதுவோர் ஏட்டைத் திறந்தார்கள். ‘போனவர்’ பகுதி நீண்டுகொண்டே சென்றது. மூத்த மாணவியர் ஏழு பேர். ஆட்டம் தொடங்கும்போது வழக்கமாகக் களமிறங்கும் ஐவரும் அதில் அடக்கம். கொரோனா விதிப்படி பாஸ்டன் இன்னும் ஓராண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் விடைபெற்றார். தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக இண்டியானா அணி அவரை எடுத்துக்கொண்டது. அமிஹியர் 8 ஆவது, குக் 10 ஆவது, பீல் 24 ஆவது, விக்டேரியா சாக்ஸ்டன் 25 ஆவது. ஒரே கல்லூரியிலிருந்து ஒரே நாளில் ஐந்து பேர்!

மீதியிருந்தவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். அணியைப் பார்த்துக்கொள்வது குழந்தைக் காப்பகம் நடத்துவது போலிருக்கிறது என்று ஸ்டேலி அம்மையாரே நகைச்சுவையாகச் சொன்னார். பத்திரிகையாளர்கள் அந்த இலையுதிர் காலத்தில் வரிசை எண் கொடுத்தபோது சவுத் கரோலினாவுக்கு ஆறாம் இடம் கிடைத்தது. வேறு கல்லூரிக்கு ஆறாம் இடம் பெருமை. இவர்களுக்கு அது இறக்கம்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. முதல் ஐவர் போய்விட்டார்கள் என்றால் அணியே போய்விட்டதாக அது கொள்கிறது. மேலே சொன்ன 200 நிமிடங்களை இப்போது நினைத்துப் பாருங்கள். சிறந்த அணி ஒன்று பெரும்பாலான ஆட்டங்களை முன்னதாகவே வென்றுவிடுகிறது. அப்போது முதல் ஐவர் வெளியே வந்து அமர, பெஞ்சில் இருப்பவர்கள் உள்ளே போகிறார்கள். 2022-23 இல் சவுத் கரோலினாவின் பெஞ்சு சாதாரண பெஞ்சு அன்று. அதில் அமர்ந்திருந்தவர்கள் வேறு எந்தக் கல்லூரியிலும் முதல் ஐவரில் இடம் பெறத்தக்கவர்கள்.

கமிலா கார்டோசோவைப் பாருங்கள். பிரேசில் நாட்டில் மோன்டிஸ் கிளாரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். மொழி தெரியாத அமெரிக்காவுக்குப் பதினைந்து வயதில் தனியாகப் படிக்க வந்தவர். உயரம் 6 அடி 7 அங்குலம். முதலில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு 2021 இல் இங்கு மாறி வந்தார். வந்த இடத்திலோ பாஸ்டன் இருக்கிறார். அவரை மீறி முதல் ஐவரில் நிற்க யாரால் முடியும்? இரண்டாண்டு கார்டோசோ மாற்று ஆட்டக்காரராகவே பெரும்பாலும் இருந்தார். 2023 இல் அவர்களது தென்கிழக்கு மண்டலத்தில் மாற்று ஆட்டக்காரர்களுள் சிறந்தவர் என்ற பரிசைப் பெற்றார். ஆனாலும் நாள்தோறும் பயிற்சிக் களத்தில் அவர் யாரை எதிர்த்து நின்றார்? நாட்டிலேயே சிறந்த சென்டரான பாஸ்டனை. இந்தப் பாடத்தை எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் யாரும் எழுதிவைக்கவில்லை.

பிரீ ஹால், சானியா ஃபீகின், ஆஷ்லின் வாட்கின்ஸ் ஆகியோரும் இப்படிக் காத்திருந்தவர்கள்தாம். குளோயி கிட்ஸ் செய்தது இன்னும் புதுமை. பள்ளிப் படிப்பை அரையாண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு 2022 டிசம்பரில் நடுப்பருவத்தில் வந்து சேர்ந்துவிட்டார். அந்த அரையாண்டில் அவர் ஆடிய நேரம் குறைவுதான். ஆனால் அடுத்த பருவம் தொடங்கியபோது அவர் புதுமுகம் அல்லர். பயிற்சியாளரின் ஒவ்வொரு கட்டளையும் தெரிந்தவர்.

வந்தவர்கள் பகுதிக்கு வருவோம். முந்திய ஆண்டு அணிக்கு இருந்த பெருங்குறை தூரத்திலிருந்து எறியும் திறமை. அரையிறுதியில் ஐயோவா அதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. எல்லாரும் வளையத்தின் அடியிலேயே கூடி நின்று, தூரத்தில் நிற்பவரை விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க டெ-ஹீனா பாவோபாவோ என்ற மாணவி ஓரிகான் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆடிவிட்டு வந்தார். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிவதில் கைதேர்ந்தவர். பெயர் பெற்றவர் ஒருவரைத் தேடி அழைப்பதும் உண்டு, எது இல்லையோ அதைத் தேடி அழைப்பதும் உண்டு. ஸ்டேலி அம்மையார் இரண்டாவதைச் செய்தார். புதுமுகங்களில் மிலேஷியா ஃபுல்வைலி, பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரத்துப் பெண்ணே. டெஸ்ஸா ஜான்சன் வடக்கே மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வந்தவர்.

2023 நவம்பர் 6 அன்று பருவத்தின் முதல் ஆட்டம். அது நடந்த இடம் அமெரிக்காவில் இல்லை, பாரிஸ் மாநகரம்! எதிரணி நோட்டர் டேம், அன்னை மரியாளின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அன்னையின் பெயர் தாங்கியவர்கள் வெல்ல வேண்டும் என்று நம்மில் சிலர் விரும்பியிருக்கக்கூடும். ஆனால் முடிவு 100-71, சவுத் கரோலினாவுக்கே வெற்றி. ஃபுல்வைலி தன் பக்கத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு களம் முழுவதும் ஓடி, முதுகுக்குப் பின்னால் கைமாற்றி வளையத்தில் போட்டதைக் கண்டு எல்லாரும் வியந்தனர். கல்லூரியில் அவருக்கு அது முதல் ஆட்டம்! அடுத்த வாரப் பட்டியலில் ஆறாம் இடத்திலிருந்தவர்கள் முதலிடத்துக்கு ஏறினார்கள்.

அதன்பின் ஒவ்வோர் ஆட்டத்தையும் விவரிக்க வேண்டியதில்லை, எல்லாவற்றிலும் வென்றார்கள். எனினும் ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 2024 மார்ச் 9, மண்டலப் போட்டியின் அரையிறுதி. எதிரணி டென்னசி. இருபதுக்கு மேற்பட்ட புள்ளிகள் முன்னிலையில் இருந்த சவுத் கரோலினா சிறிது சிறிதாக அதை இழந்து, கடைசியில் 71-73 என்று பின்தங்கிவிட்டது. மீதியிருந்தது ஒரு விநாடிக்குச் சற்று மேல். பந்து கார்டோசோவிடம் வந்தது. வளையத்தின் அடியில் நின்று ஆடுபவர் அவர். கல்லூரியில் அதுவரை ஒரு மூன்று புள்ளிகூடப் போட்டதில்லை. வேறு வழியின்றி எறிந்தார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 74-73! திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்டால் இரண்டும்தான். ஒரு பருவம் முழுவதும் தோல்வியின்றி முடிவதற்கு அப்படியொரு பந்தும் வேண்டியிருக்கிறது. இதையும் எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

இறுதியாட்டம் 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லாந்து நகரத்தில் நடந்தது. எதிரே நின்றது அதே ஐயோவா, அதே கெய்ட்லின் கிளார்க். தொலைக்காட்சியில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அவ்வாண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். இப்படி நடந்தது அதுவே முதல் முறை.

தொடக்கத்தில் ஐயோவா 10-0 என்று ஓடிவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் கிளார்க் மட்டும் 18 புள்ளிகள் எடுத்தார். முந்திய ஆண்டின் கதை திரும்புகிறதோ என்று பார்ப்போர் நினைத்திருப்பர். அவரைத் தடுக்கும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது தெரியுமா? ரேவன் ஜான்சனிடம். அவர் அன்று எடுத்த புள்ளிகள் மிகச் சிலவே. எறிந்த பந்துகள் பல வெளியேதான் போயின. ஆனால் களத்தில் எங்கு சென்றாலும் கிளார்க்கின் நிழலாக ஒட்டிக்கொண்டார். முதல் பாதி முடியும் தறுவாயில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி வளையத்தில் சேர்த்தார். இடைவேளையில் சவுத் கரோலினா 49-46 என்று முன்னே நின்றது. மொத்தத்தில் கிளார்க் 28 முறை எறிந்து 10 முறையே கூடையில் போட முடிந்தது. முடிவு 87-75. அந்தப் பருவத்தில் 38 ஆட்டங்கள், 38 வெற்றிகள்.

கார்டோசோ 15 புள்ளிகள் எடுத்தார். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளை 17 முறை கைப்பற்றினார். இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார். ஆயினும் அன்று அந்த அணியில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர் அல்லர். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19 புள்ளிகள் எடுத்தார். பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிகளை மட்டும் கூட்டினால் சவுத் கரோலினா 37, ஐயோவா பூஜ்யம். கிளார்க்கைப் போன்ற ஒருவர் அந்த அணியில் இல்லை. பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சராசரியில் முதலாக நின்ற கார்டோசோவே ஓர் ஆட்டத்துக்கு 14.4 புள்ளிகள்தான் எடுத்திருந்தார். பலர் சேர்ந்து சிறிது சிறிதாகச் சேர்த்த வெற்றி அது.

அப்படியானால், யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அடுத்த ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியில்லை. 2024-25 பருவத்துக்குப் போட்ட கணக்கு மிக எளிதாக இருந்தது. முதல் ஐவரில் விடைபெற்றவர் கார்டோசோ ஒருவரே. மற்றவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பாவோபாவோவும் கொரோனா விதிப்படி ஐந்தாம் ஆண்டுக்குத் தங்கினார். எழுத்தாளர்கள் முதலிடத்தைத் தயக்கமின்றிக் கொடுத்தார்கள். நடந்தது என்ன? 2024 நவம்பர் 24 அன்று கலிபோர்னியாவில் தோற்று, 43 ஆட்டங்களின் வெற்றித் தொடர் அறுந்தது. 2025 ஜனவரியில் வாட்கின்ஸ் முழங்காலில் காயப்பட்டு வெளியேறினார். பிப்ரவரியில் 71 ஆட்டங்களாகச் சொந்தக் களத்தில் தோல்வியே காணாத பெருமையைக் கனெக்டிகட் அணி பறித்துக்கொண்டது. அதே கனெக்டிகட் ஏப்ரல் 6 அன்று இறுதியாட்டத்திலும் 82-59 என்று வென்றது. எல்லாரும் போன ஆண்டில் ஒரு தோல்வியும் இல்லை; எல்லாரும் இருந்த ஆண்டில் நான்கு தோல்விகள். நாட்டில் இரண்டாம் இடம் பெற்ற அணியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கார்டோசோவின் உயரத்தை ஈடுசெய்ய ஒருவரும் இல்லை என்பது பலர் எழுதிய வரவேற்புரைகளுக்கிடையே அடங்கிப்போயிற்று என்றே தோன்றுகிறது. போனவர் ஒருவர்தானே என்று எண்ணினார்கள். அந்த ஒருவர் யார் என்று பார்க்கவில்லை.

2025 ஏப்ரலில் பாவோபாவோ, ஹால், ஃபீகின் ஆகிய மூவரும் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வானார்கள். பாரிஸில் எல்லாரையும் வியக்கவைத்த ஃபுல்வைலி, சொந்த ஊரை விட்டு அதே மண்டலத்தில் உள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றார். ஏட்டில் ‘போனவர்’ பகுதி மறுபடி நிரம்பியது. ‘இருப்பவர்’ பகுதியில் மேலே இருந்த பெயர் ரேவன் ஜான்சன். முழங்கால் காயத்தால் முதலாண்டில் இழந்த பருவத்துக்கு ஈடாக அவருக்கு இன்னும் ஓராண்டு மீதியிருந்தது; தொழில்முறைத் தேர்வுக்குப் போகாமல் தங்கிவிட்டார். ‘வருபவர்’ பகுதியில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து டனையா லாட்சன் வந்தார். முந்திய பருவத்தில் நாட்டிலேயே சராசரியாக மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். அட்லாண்டாவில் பள்ளியில் படித்த காலத்தில் ரேவனும் அவரும் ஒரே அணியில் ஆடியவர்கள்.